பத்துக்குப் பத்து

என் கையெழுத்து அழகானது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள், யாருக்கும் எழுத்து தெரியாது. தெலுங்கையும் ஆங்கிலத்தையும் ஜீடிமெட்லாவில் ஓர் அரசுப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்து வந்தது செகந்திராபாத்தில், தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஞாயிறு வகுப்பில். மற்ற பிள்ளைகள், வகுப்பு எடுப்பவர் தமிழில் கேட்ட கேள்விக்குத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு, எப்போது விடுவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வசனங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பேன். கோடு போடாத தாளில்கூட என் வரி சாயாது.

அந்தக் கையெழுத்தை முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டவர் மேஸ்திரி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, ஒரு மருந்துத் தொழிற்சாலையில் டிரம் உருட்டி, பிறகு அதே தொழிற்சாலைக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் ஆனவர். அவரிடம் முப்பத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஒருவர் என் அப்பா. மாமாவுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் காகிதத்தில் எத்தனை முத்திரை இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அந்தத் தொழிற்சாலை மருந்துக்கான மூலப்பொருளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. வாங்குகிறவர்கள் வருடத்தில் இரண்டு மூன்று முறை ஆள் அனுப்பிச் சோதித்துப் பார்ப்பார்கள். ஆடிட் என்று அதற்குப் பெயர். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மனிதர்களைவிடக் காகிதத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் ஆள் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் பத்துக் கேள்வி கொண்ட ஒரு பரீட்சை வைத்து, தாளைத் திருத்தி, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் பெற்றுக்கொண்டதாகவும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி நடந்ததே இல்லை. முப்பத்தாறு பேரை ஒரு மணி நேரம் அறையில் உட்கார வைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தொழிற்சாலை மாமாவுக்குக் காசு தராது. மாமாவால் தன் கையிலிருந்து தர முடியாது. அதனால் ஆடிட் தேதி தெரிந்ததும் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவே மூன்று மாதத்துக்கான வெற்றுத் தாள்களைக் கட்டாகக் கட்டி மாமாவிடம் கொடுத்துவிடும். அவர் அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார்.

"டீச்சரு, வேல வந்துகீது" என்பார் வாசலிலேயே.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சுவரோரம் படுத்துத் தூங்குவார். நான் தரையில் பாயை விரித்துத் தாள்களைப் பரப்புவேன். முதல் தடவை எல்லாருக்கும் எல்லாப் பதிலையும் சரியாகப் போட்டுவிட்டு, பாதியில் எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்தாறு பேரும் பத்துக்குப் பத்து வாங்கினால் யார் நம்புவார்கள்? அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் கொடுத்தேன். புதிதாக வந்த ஒடியாக்காரர்களுக்கு ஆறு. பழைய ஆட்களுக்கு எட்டு. ஒருவர் எப்போதும் கையுறைக் கேள்வியில் தவறுவார். இன்னொருவர் முதலில் தப்பான கட்டத்தில் டிக் போட்டு, அடித்து, சரியானதில் போடுவார். கையெழுத்துக்கு என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒருவருக்குச் சாய்ந்த எழுத்து, ஒருவருக்கு அடிக்கோடு, ஒருவருக்குக் கிறுக்கல். ஆறு பேனா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதுவேன். நாலைந்து தாளின் மூலையை மடித்து மறுபடி நீவிவிடுவேன்.

"டீச்சரு, நம்ம ஆளுங்க ஃபைல்தான் ஃபர்ஸ்ட்னு சேஃப்டி ஆபீசர் சொன்னாரு" என்று மாமா வந்து சொல்லும்போது எனக்கு ரேங்க் கார்டு வாங்கியதுபோல இருக்கும். அவர் சும்மா வேலை வாங்கவில்லை. என் இன்டர், அதாவது பிளஸ் டூ, பரீட்சைக் கட்டணத்தை அவர்தான் கட்டினார். டிகிரிக்குப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு மட்டும் எப்போதும் பத்துக்குப் பத்து போட்டேன். அதில் யாருடைய யோசனையும் இல்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் தன்னிடம் எதையும் நீட்டிவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு ஃபைலிலாவது அவர் முதல் ஆளாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வேதியியலில் டிகிரி முடித்ததும் பட்டான்செருவில் வேறொரு மருந்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. தர உறுதிப் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. பஸ்ஸில் பட்டான்செரு வரை போய், அங்கிருந்து ஷிப்ட் ஆட்களோடு ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போக வேண்டும். போகும் வழியெல்லாம் கழுத்தில் அடையாள அட்டையை வெளியே தெரியும்படித்தான் போட்டுக்கொள்வேன். என் படம், என் பெயர், கீழே பதவி. அம்மா அதைத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டி வைப்பாள்.

அங்கே முதல் நாளே எங்களுக்குப் பயிற்சி நடந்தது. நிஜப் பயிற்சி. ஏசி அறையில் மூன்று மணி நேரம். நடக்காததை நடந்ததாக எழுதுவதைவிடப் பெரிய குற்றம் இந்தத் தொழிலில் இல்லை, அப்படி எழுதினவருக்கு இங்கே மட்டுமல்ல, எந்தக் கம்பெனியிலும் இடமில்லை என்று பயிற்சி கொடுத்த அதிகாரி சொன்னபோது எனக்குக் காது சூடானது. அன்று மாலையே மாமாவுக்கு போன் செய்து இனிமேல் எழுத மாட்டேன் என்றேன்.

"ஹவ், ஆமாம்மா, நியாயம்தான்" என்றார் உடனே. பிறகு, "வர்ற செவ்வாக்கெழம ஆடிட்டு. இந்த ஒரு வாட்டி முடிச்சிக் குடுத்துடு. அடுத்ததுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். அந்த மாதத்தின் தலைப்பு, தோலையும் கண்ணையும் அரித்துவிடும் காஸ்டிக் கரைசலைக் கையாளுவது.

ஐந்தாவது வாரம், காலை ஷிப்டில், அப்பா டிரம்மிலிருந்து காஸ்டிக் கரைசலைக் கைப்பம்பால் ஏற்றிக்கொண்டிருந்தார். குழாயைப் பம்போடு இறுக்கும் வளையம் நழுவிவிட்டது. முகத்தின் இடது பக்கம் முழுக்கத் தெறித்தது. கூட இருந்தவர் தன் தண்ணீர் பாட்டிலை அப்பா முகத்தில் கவிழ்த்தார். அதற்குள் சூப்பர்வைசர் வந்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள் என்றார். வளாகத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். மாமா தன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து, தெரிந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே சொட்டு மருந்து போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினார்கள். கண் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனது மூன்றாம் நாள்.

அங்கே டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பட்டவுடனே எவ்வளவு நேரம் கழுவினீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"ஏக் பாட்டில்" என்றார் அப்பா.

"குறைந்தது பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லையா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாலாவது கேள்வி. காஸ்டிக் கண்ணில் பட்டால் எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்: இரண்டு, ஐந்து, பதினைந்து. அப்பாவின் தாளில் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டவள் நான். அந்தப் பத்துக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். வருடக்கணக்காக அதையே எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த பாயில் தூங்கிக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி அதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவை பதில்கள் என்றே நான் நினைக்கவில்லை. டிக் போடும் இடங்கள், அவ்வளவுதான்.

இடது கண் போய்விட்டது.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்திருந்தால் வைத்தியமும் உதவித்தொகையும் வழக்கில்லாமல் வந்திருக்கும். மாமா பாதிப் பேருக்குத்தான் கட்டியிருந்தார். சண்டை போடாதவர்கள் எல்லாரும் அடுத்த பாதியில். அப்பா சொந்தக்காரர் என்பதால் அதில் முதலாவது.

நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். வேறு யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "நக்கோம்மா, வேணாம், கம்பெனியோட எதுக்கு?" என்றார் அப்பா. அம்மா என் அடையாள அட்டையைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து எழுதினேன். தெலுங்கில் இரண்டு பக்கம். பாதுகாப்புக் கண்ணாடி தரவில்லை, பயிற்சி தரவில்லை, ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகவில்லை. அப்படி ஒரு மனுவை அந்த அலுவலகத்தில் வக்கீல்கூட எழுதியிருக்க மாட்டார். மூன்றுமே உண்மை என்பதால் ஜெயித்துவிடுவோம் என்று நம்பினேன். நான் எழுதிய தாள்கள் அந்த ஃபைலில் இருப்பது எனக்கு மறந்துபோகவில்லை. அவை வெளிநாட்டுக்காரர்களுக்கான தாள்கள், அவர்கள் பார்த்தார்கள், போனார்கள், வேலை முடிந்தது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் இதைவிடப் படிப்பில்லாத நினைப்பு எதுவும் இல்லை.

விசாரணை நாளில் ஒரு பக்கம் நாங்கள் மூன்று பேர். எதிர்ப்பக்கம் மாமாவும், தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஓர் இளைஞரும். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, என்னுடையதைப் போலவே கழுத்தில் அட்டை. அப்பாவைப் பார்த்து எழுந்து நமஸ்காரம் சொன்னார். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மேசையில் மனுக்கள் அடுக்கு அடுக்காக இருந்தன. என் மனுவைப் படித்துவிட்டு, "யார் எழுதினது?" என்று கேட்டார். நான் என்றேன். "நல்ல எழுத்து" என்றார்.

அந்த இளைஞர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"விபத்துக்கு ஐந்து வாரத்துக்கு முன்னால் காஸ்டிக் பற்றியே பயிற்சி கொடுத்திருக்கிறோம் மேடம். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்ததற்கும் கையெழுத்து இருக்கிறது. தயவுசெய்து மார்க்கைப் பாருங்கள். அந்த பேட்ச்சில் மற்றவர்கள் ஆறு, ஏழு, எட்டு. இவர் மட்டும் பத்துக்குப் பத்து. அதற்கு முந்தைய மாதமும் பத்து. அதற்கும் முந்தின மாதமும் பத்து. எங்கள் கான்ட்ராக்ட் ஆட்களிலேயே பாதுகாப்பு விதி எல்லாம் தெரிந்தவர் இவர்தான். தெரிந்தும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்திருக்கிறார். வேண்டுமென்றே கழற்றினால் நஷ்டஈடு கேட்க முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது."

குரலை உயர்த்தவே இல்லை. தாளில் எழுதியிருப்பதை நம்புகிறவர் பேசுவதுபோலப் பேசினார். ஒருவேளை நம்பினாரோ என்னவோ.

அதிகாரி தாளை அப்பாவிடம் நீட்டினார். "இதி மீ சந்தகமேனா?"

உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். பாங்கு கணக்கு தொடங்கும்போது அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது நான். அவர் போட்டாலும் நான் போட்டாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்பா தாளை வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாதே மேடம்" என்றார். என்னுடையதுதான்.

மூன்று வாரம் தள்ளி அடுத்த தேதி போட்டார்கள். அன்று அப்பா தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

வெளியே படிக்கட்டில் கேட்டேன். "ஏம்பா அப்படிச் சொன்ன?"

"என் கையெழுத்து மாதிரிதான இருந்துச்சு."

"நான் போட்டதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அப்ப உன்னுதுன்னு சொல்லணுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கையில் பை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"டீச்சரு, கோவமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"திட்றதுனா திட்டு. ஒரு டீ குடுத்துட்டுத் திட்டு."

"டீயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "கண்ணு போயி உக்காந்துனு கீறாரு மனுஷன். இவுருக்கு டீ கேக்குது."

ஆனாலும் அடுப்பில் பால் வைத்தாள். மாமா வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ போயி எல்லாம் நான் எழுதினதுன்னு சொன்னியானா," என்று என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தார், "ஒரு தாளு மட்டுமா பொய்? முப்பத்தாறு பேரு தாளும் பொய். மறுநாளே கான்ட்ராக்ட் கட் ஆயிடும். அந்த ஒடியாக்காரப் பசங்க எங்க போவானுங்க?"

"அவங்களுக்காகவா மாமா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"எனக்காகவும்தான் வந்தேன். நான் இன்னா சாமியாரா? கம்பெனி மூணு மாசம் கழிச்சித்தான் பில்லு பாஸ் பண்றான். உங்க அப்பனுக்கு நான் பத்தாம் தேதி சம்பளம் குடுக்கணும். எங்க இருந்து குடுக்கறேன்? ஆட்டோ ஃபைனான்ஸ்ல கீது, உங்க அத்த சங்கிலி மார்வாடிகிட்ட கீது. கான்ட்ராக்ட் கட் ஆச்சின்னா ரெண்டையும் அவனுங்களே வெச்சிக்குவானுங்க."

"அப்பா கண்ணு?"

"கண்ணு போச்சி" என்றார். "நான் தூக்கிட்டு ஓடனேன். தப்பான எடத்துக்கு ஓடனேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

டீ வந்தது. குடித்துவிட்டு, போகும்போது வாசலில் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார். "உன் வேல இன்னா வேலன்னு எனக்குத் தெரியும். அங்க காயிதத்துல பொய் எழுதனா இன்னா பண்ணுவாங்கன்னும் தெரியும். நான் யாராண்டயும் போயிச் சொல்ல மாட்டேன். ஆனா நீயே போயிச் சொன்னா நான் இன்னா பண்றது?"

அது மிரட்டலா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் என் தொழிற்சாலையில் கிடங்குக்காரர் ஒருவர் மாட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டிய வெப்பநிலையை, மதியத்துக்கும் சேர்த்துக் காலையிலேயே எழுதிவைத்துவிட்டார். மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போக வேண்டியிருந்தது என்றார். பதிவேட்டையும் கருவியின் அளவையும் ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். தயாரித்தேன். ஒரு பக்கம், பிழையில்லாமல். மாலை அவர் அட்டையைக் கேட்டில் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதே ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். அறிக்கை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. தள்ளி உட்காருங்கம்மா, உங்களுக்குக் காற்று வரும் என்றார்.

நான் லேபர் ஆபீசில் போய் உண்மையைச் சொல்லவில்லை. காரணங்களை எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். முப்பத்தாறு பேரின் வேலை என்று சொல்லலாம். அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொல்லலாம். இப்போது வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் என்றும் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாட்களில் கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்தது என் அட்டையை யாரோ கேட்டில் வாங்கிக்கொள்வதுதான். முதலில் அது, மற்றவை அப்புறம்.

ஒரு தடவை மட்டும் அம்மாவிடம், "சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சொன்னா கண்ணு வருமா?"

"வராது. நஷ்டஈடு வரும்."

"வரும்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

தெரியாது. கம்பெனி மேல்முறையீடு போகும். மாமாவிடம் எடுக்க ஒன்றும் இருக்காது. எனக்கு வேலை இருக்காது. அம்மா தண்ணீரை வடித்தாள்.

தேதிக்கு நாலு நாள் முன்பு, ஒரு மாலை, மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் பை இருந்தது. கம்பெனி இறங்கி வந்திருக்கிறது என்றார். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவைத் தருவார்கள். மேற்கொண்டு ஒரு தொகையை உதவி என்ற பெயரில் தருவார்கள். நஷ்டஈடு என்று எழுத மாட்டார்கள். அப்பாவுக்குப் பழைய இரும்பு போடும் இடத்தில் காவலுக்கு உட்காரும் வேலை. சம்பளம் முன்னைவிடக் குறைவு. கண்ணாடி கொடுத்தார்கள், நானே கழற்றினேன், யார்மேலும் புகார் இல்லை என்று அப்பா எழுதித் தர வேண்டும்.

"அவுங்களே ஒரு மாதிரி டைப் பண்ணிக் குடுத்துகீறாங்க" என்று ஓர் ஆங்கிலத் தாளை எடுத்தார். "ஆனா தொழிலாளியே சொந்தமா எழுதன மாதிரி, கையால, தெலுங்குல வேணுமாம்."

எழுத வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அப்பா என்னைப் பார்த்தார். கட்டு எடுத்தாகிவிட்டது. இடது இமை பாதி மூடி இருந்தது. அவர் முகத்தில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. வாடகை கேட்டு வந்தவருக்குப் பணத்தை எடுத்துக் கொடு என்று சொல்வதுபோல, "எழுதிக் குடுத்துடும்மா" என்றார்.

எழுதினேன். ஆங்கிலத் தாளில் இருந்ததை அப்படியே பெயர்க்கவில்லை. அப்பா பேசுகிற மாதிரி, எளிமையாக, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். அதுதான் நம்பும்படி இருக்கும். கடைசி வரி வரை எழுத்து நேராகவே வந்தது.

"படி, கேக்கறேன்" என்றார் அப்பா.

இத்தனை வருடத்தில் அவருக்காக நான் எழுதிய எதையும் அவர் படிக்கச் சொன்னதில்லை, நானும் படித்ததில்லை. படித்தேன். தெலுங்கு அவருக்குக் காதால் புரியும். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். கண்ணாடி வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அந்த மேடம் என்னைக் கேப்பாங்களா?"

"கேக்கலாம். சொந்த விருப்பத்துல எழுதினியான்னு கேப்பாங்க."

"கண்ணாடியப் பத்திக் கேட்டாங்கன்னா?"

மாமா, "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மச்சான்" என்றார்.

"கேட்டாங்கன்னா?" என்றார் அப்பா மறுபடியும், என்னிடம். "அது எப்படி இருக்கும்? நம்ம வெயிலுக்குப் போடற கண்ணாடி மாதிரியா?"

மாமா பையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"இல்லப்பா. பெருசா இருக்கும். பக்கவாட்டுலயும் மூடியிருக்கும். முகத்தோட ஒட்டிக்கும்."

"காதுல மாட்றதா?"

"இல்ல. பின்னந்தலையைச் சுத்தி எலாஸ்டிக்."

அப்பா பின்னந்தலையில் கையை வைத்துப் பார்த்தார். "இன்னா கலரு?"

"கறுப்பு."

"கறுப்பு" என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பேனாவை வாங்கினார்.